ஆஸ்காரோடு சேராத மீன்: தொட்டியில் தெரியும் அறிகுறியிலிருந்து காரணம் வரை

கடையில் ஆஸ்கார் குஞ்சு நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்தில், கறுப்பும் ஆரஞ்சுமாக, பார்க்கிறவரைத் தானும் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை வாங்கும் நாளில் வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே கப்பியோ ஏஞ்சலோ இருக்கும், அதோடு விட்டால் சேர்ந்து வளர்ந்துவிடும் என்று தோன்றும். ஓராண்டுக்குள் அந்தக் குஞ்சு 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர், ஆயுள் 10 ஆண்டுக்கு மேல். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்த மீன், வாயில் அடங்குகிற எதையும் உணவாகத்தான் பார்க்கும்.

'ஆஸ்காரோடு எந்த மீனை விடலாம்' என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். அதே பட்டியலில் இருக்கிற மீன் ஒரு வீட்டில் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிறது, இன்னொரு வீட்டில் ஒரு வாரம் தாங்கவில்லை. தொட்டியின் நீளம், இரண்டு மீன்களின் அளவு, எது முதலில் வந்தது, தண்ணீர் எப்படி இருக்கிறது, இவைதான் பெயரைவிட அதிகம் தீர்மானிக்கின்றன. அதனால் மீனின் பெயரிலிருந்து தொடங்காமல், தொட்டியில் கண்ணுக்குத் தெரிகிற பிரச்சினையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் பிரியுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்

சண்டை நடக்கும்போது காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அடிவாங்கும் மீனைத் தனியாக்குங்கள். வேறு தொட்டி இல்லையா? பக்கமெல்லாம் ஓட்டை உள்ள, சோப்பு படாத புது பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள்ளேயே விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கட்டி, மீனை அதில் விட்டு மேலே மூடிவிடுங்கள். அதே தண்ணீர், அதே ஃபில்டர், அதே வெப்பம் என்பதால் மீனுக்கு வேறு அதிர்ச்சி இல்லை. 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீனுக்குக் கூடை போதாது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஏர் ஸ்டோனும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டு அதில் விடலாம். இதற்கும் மூடி கட்டாயம். ஆஸ்கார் நன்றாகத் தாவும்.

தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் துரத்துவதும் குறையும்.

இப்போது மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, தொட்டியின் கொள்ளளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 28ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லிட்டர் கிடைக்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 340 லிட்டர். வளர்ந்த ஒரே ஒரு ஆஸ்காருக்கு அது சரியான இடம். துணை மீன்களோடு என்றால் 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, சுமார் 670 லிட்டர் வேண்டும். இரண்டு, ஒவ்வொரு மீனின் நீளம், கண்ணாடியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாலே போதும். மூன்று, மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவு. முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 40 பங்கு) கீழே, 20க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

3 அடித் தொட்டியில் வளர்ந்த ஆஸ்கார் இருக்கிறது என்றால் இதற்குக் கீழே உள்ள எதுவும் அந்தத் தொட்டிக்குப் பொருந்தாது. அதில் துணை மீனுக்கே இடமில்லை. முதல் செலவு பெரிய தொட்டிக்குத்தான்.

ராத்திரி இருந்த மீன் காலையில் இல்லை

எலும்புகூடக் கிடைக்காது. ஆஸ்கார் கடித்துத் தின்பதில்லை. தாடையை முன்னால் நீட்டி, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி முழுசாக விழுங்கிவிடும். ஆகவே இதைச் சண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பகை இருந்தால்தான் விழுங்கும் என்றில்லை. 25 சென்டிமீட்டர் ஆஸ்கார், ஒல்லியான 7 சென்டிமீட்டர் மீனைச் சிரமமில்லாமல் விழுங்கும். மூன்று மாதம் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்த மீனாக இருந்தாலும் வாய் போதிய அளவு வளர்ந்த அன்றைக்கு அது உணவுதான்.

துணை மீன் ஆஸ்காரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், உடல் உயரமாகத் தட்டையாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. சில்வர் டாலர் வெறும் 12 முதல் 15 சென்டிமீட்டர்தான் வளரும், ஆனாலும் வட்டமான உடல் என்பதால் வளர்ந்ததை ஆஸ்காரால் விழுங்க முடியாது. அதே நீளத்தில் ஒல்லியாக இருக்கிற மீன் ஆபத்தில்தான் இருக்கிறது. நியான் டெட்ரா, கப்பி, மோலி, சாதாரண ஏஞ்சல் எல்லாம் ஆஸ்கார் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

காணாமல் போனது கெளுத்தி வகை என்றால் உடனே ஆஸ்காரின் வாயைப் பாருங்கள். பிக்டஸ், கோரிடோரஸ், சின்ன சக்கர் மீன் இவற்றின் மார்புத் துடுப்பு முன்னால் கூர்முள் இருக்கும். விழுங்கப்படும்போது அந்த முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும். ஆஸ்கார் வாயைத் திறந்தபடி, செவுள் வேகமாக அடிக்க, தலையை உதறிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. வெளியே தெரிகிற வாலைப் பிடித்து இழுத்தால் முள் தொண்டையையும் செவுளையும் கிழித்துவிடும். விளக்கை அணைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டால் பல நேரம் தானே துப்பிவிடும். துப்பவில்லை என்றால் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி, முள்ளை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்காரோடு சின்னக் கெளுத்தி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான், இரண்டு மீனும் ஒரே ராத்திரியில் போய்விடும்.

வால் கிழிந்திருக்கிறது, உடம்பில் காயம் இருக்கிறது

யார் செய்தது என்று காயமே சொல்லும். இந்த ஒன்றைப் பொறுமையாகப் பார்க்கப் பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

வாலின் பின்விளிம்பில் செங்குத்தாகக் கிழிசல், கிழிந்த இடம் சுத்தமாக, மீன் நன்றாகச் சாப்பிடுகிறது: துரத்தும்போது பட்ட கடி. நல்ல தண்ணீரில் தானே வளர்ந்துவிடும். அதே இடம் தினமும் மறுபடி கிழிந்தால் துரத்தல் நிற்கவில்லை என்று பொருள்.

விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கடியாக அரிக்கப்பட்டிருக்கிறது, கடிபட்டதும் ஆஸ்கார்தான் என்றால், குற்றவாளி உங்கள் சின்ன மீன்கள். டைகர் பார்ப், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் முபுனா வகைகள் இப்படிச் செய்யும். ஆஸ்காரின் இயற்கை வாழிடத்திலும் பிரான்ஹாக்கள் வாலைக் கடிக்கும். வாலடியில் இருக்கும் வட்டப் புள்ளி எது தலை எது வால் என்று அவற்றைக் குழப்பத்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆஸ்கார் பெரிதாக இருக்கிறது, அதனால் அதுதான் தாக்கும் என்று முடிவுகட்டினால் இந்தக் காரணம் கண்ணில் படாமலே போகும்.

விளிம்பு வெள்ளையாக, கூழாக, நாளுக்கு நாள் உள்ளே வந்துகொண்டிருந்தால் அது துடுப்பழுகல். கடியில் தொடங்கியிருக்கலாம், வளர்த்தது தண்ணீர். நைட்ரேட்டைப் பாருங்கள்.

விலாவில், காசளவு வட்டத்தில், மேல்சளி போய் வெளிறியோ சிவந்தோ இருக்கிறது, காலையில்தான் புதிதாகத் தெரிகிறது என்றால் சக்கர் மீனைச் சந்தேகியுங்கள். ஆஸ்கார் ராத்திரியில் தரையோரம் சாய்ந்து தூங்கும். பசியில் இருக்கும் பெரிய சக்கர் அப்போது அதன்மேல் ஒட்டிச் சளியைச் சுரண்டும். கண்ணாடிப் பாசியும் ஆஸ்கார் மிச்சம் வைத்ததும் அதற்குப் போதும் என்று விட்ட வீடுகளில்தான் இது அதிகம். விளக்கு அணைத்த பிறகு அதற்கென்று பாசி வில்லை, வெள்ளரித் துண்டு, வேகவைத்த சுரைக்காய் போடுங்கள், ஊறவைத்த மரக்கட்டை ஒன்றும் இருக்கட்டும். ஒரு தடவை ருசி கண்ட சக்கர் அதற்கப்புறமும் ஒட்டினால் தயங்காமல் பிரித்துவிடுங்கள்.

தலையில், கண்ணைச் சுற்றி, குண்டூசி முனை அளவில் குழிகள். இது கடியே இல்லை. தலைக்குழி நோய் என்று சொல்வார்கள், ஆஸ்காருக்குச் சகஜமாக வரும். மோசமான தண்ணீரும் ஒரே மாதிரி உணவும் வழி விட, ஹெக்சாமிட்டா போன்ற குடல் ஒட்டுண்ணிகளும் இதோடு தொடர்பு உடையவை. இதைச் சண்டைக் காயம் என்று நினைத்துத் துணை மீனை மாற்றிக்கொண்டிருந்தால் குழி பெரிதாகிக்கொண்டே போகும்.

சாதாரணக் கடிக்காயத்துக்கு மருந்தைவிடத் தண்ணீர் மாற்றுவது முக்கியம். மூன்று நாளுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றி, புதிதாக ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். லோச், கெளுத்தி இருக்கும் தொட்டியில் பாதி அளவோடு நிறுத்துங்கள். மெத்திலீன் புளூவைப் பிரதான தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாவை அது கெடுக்கும்.

இரண்டு ஆஸ்கார்கள் வாயோடு வாய் கவ்வுகின்றன

ஆஸ்கார் சேர்ந்த சிச்லிட் மீன் குடும்பத்தில் இது பலம் பார்க்கும் முறை, ஜோடி சேர்வதற்கும் இதே முறைதான். முதலில் செவுள் மூடியை விரித்து நிற்கும், பக்கவாட்டில் வந்து வாலை வீசும், பிறகு தாடையைக் கவ்வித் தள்ளும். இதுவரை கவலை இல்லை. பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

கவ்வல் சில நொடியில் முடிந்து, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, உடம்பை நடுங்கவைக்கின்றன, ஒரு தட்டைக் கல்லையோ கண்ணாடித் தரையையோ வாயால் சுத்தம் செய்கின்றன: ஜோடி சேர்கிறது. ஒன்று மட்டும் விலகி ஓடுகிறது, தண்ணீர் மேல்மட்டத்தின் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது, நிறம் மங்கிவிட்டது, மற்றது அங்கேயும் போய் இடிக்கிறது: தோற்ற மீன் அது. இயற்கையில் தோற்றது பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும். 4 அடிக் கண்ணாடிக்குள் போக இடமில்லாததால் சண்டை முடிவதே இல்லை. அன்றைக்கே பிரியுங்கள்.

ஆஸ்காரில் ஆணா பெண்ணா என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. முட்டையிடும் சமயத்தில் கழிவாய்ப் பக்கத்தில் நீளும் சின்னக் குழாயை வைத்துத்தான் தெரியும். கடையில் 'ஜோடி' என்று கொடுத்தாலும் அது இரண்டு குஞ்சு, அவ்வளவுதான். இரண்டு பெண்களாக இருந்தால்கூட ஜோடி போலவே நடந்து, இரண்டும் முட்டையிடும். கருவுறாத முட்டைகள் ஒரு நாளில் எல்லாம் வெள்ளையாகிவிடும். என் கணிப்பில் 4 அடித் தொட்டிக்கு இரண்டு ஆஸ்கார் என்பது மிகச் சிக்கலான எண்ணிக்கை. ஒன்று போதும், இல்லையென்றால் 6 அடிக்கு மாறுங்கள்.

பல மாதம் ஒற்றுமை, இந்த வாரம் திடீரென்று துரத்தல்

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும். இந்த வரிசையில் பாருங்கள்.

முட்டை. தரையில், கல்லில், குழாய் மேல் பழுப்பு வெள்ளைப் புள்ளிகளாக நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறதா? ஆஸ்கார் ஒரு தடவைக்கு ஆயிரத்துக்கு மேல் இடும், இரண்டும் காவல் காக்கும், பாதித் தொட்டிக்குள் யாரையும் விடாது. துணை மீனைத் தற்காலிகமாக வேறிடம் மாற்றினால் போதும், குணம் மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொட்டியில் கன்விக்ட் என்ற சின்ன சிச்லிட் ஜோடி இருந்தால் நிலைமை தலைகீழ். 10 சென்டிமீட்டர் கன்விக்ட் குஞ்சு பொரித்துவிட்டால் ஆஸ்காரையே மூலைக்குத் தள்ளிவிடும்.

வளர்ச்சி. கடைசியாக எப்போது அளந்தீர்கள்? 12 சென்டிமீட்டரில் இரண்டுக்கும் போதிய இடமாக இருந்தது 22 சென்டிமீட்டரில் ஒன்றுக்கே போதாது.

வெப்பம். ஆஸ்காருக்கு 24 முதல் 28 டிகிரி போதும். நம் ஊர் சித்திரை வைகாசியில் தொட்டி 32 டிகிரியைத் தாண்டும். சூட்டில் மீனின் உடல் வேகமாக வேலை செய்யும், பசியும் எரிச்சலும் கூடும், அதே நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து கம்பிவலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

கடைசியாக, இட மாற்றம். கல்லை நகர்த்தினீர்கள், செடியை எடுத்தீர்கள், பார்வை மறைத்த மரக்கட்டையை வெளியே எடுத்துக் கழுவினீர்கள் என்றால் எல்லைகள் குலைந்திருக்கும். மறைப்பைத் திரும்ப வையுங்கள்.

அடிவாங்குவது ஆஸ்கார்தான்

இது பலருக்கு ஆச்சரியம். உடம்பு பெரிது, வாய் பெரிது, ஆனால் மத்திய அமெரிக்க சிச்லிட்களோடு ஒப்பிட்டால் ஆஸ்கார் சாதுதான். ரெட் டெவில், ஃப்ளவர்ஹார்ன் இரண்டும் அளவில் சமமாக இருந்தாலே ஆஸ்காரை நொறுக்கிவிடும். 1990களில் மலேசியாவில் உருவான கலப்பு மீன் ஃப்ளவர்ஹார்ன், அதன் மூதாதைகள் அந்தச் சண்டைக்காரக் கூட்டம்தான். வாங்கியவர் எவ்வளவு ஆசையோடு கேட்டாலும் ஃப்ளவர்ஹார்னோடு எந்த மீனும் வேண்டாம் என்பதே என் பதில். அதைத் தனியாக வையுங்கள், கையைப் பார்த்து ஓடிவரும், அதுவே அழகு.

ஜாக் டெம்ப்சி, கிரீன் டெரர் இரண்டும் நடுத்தரம். பெரிய தொட்டியில், ஆஸ்காரைவிடச் சின்னதாக வாங்கிவிட்டால் சில இடங்களில் ஒத்துப்போகும். ஆண் கிரீன் டெரர் வளர்ந்த பிறகு குணம் மாறுவதுண்டு, அதனால் பிரித்து வைக்க இடம் இல்லாதவர்கள் வாங்காதீர்கள்.

புது மீனை விட்டதும் விரட்டுகிறது

ஆஸ்கார் அந்தத் தொட்டியைத் தன்னுடையது என்று நினைக்கிறது. புதிதாக வருகிற எதுவும் நுழைந்த திருடன்தான். ஆகவே அந்த நினைப்பைக் குலைப்பதுதான் வேலை.

புது மீனை முதலில் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் போன்றவை அங்கேயே வெளிப்பட்டுவிடும், மெலிந்து வந்த மீன் தேறியும்விடும். அடுத்து, பெரிய தொட்டியில் குறுக்கே ஓட்டையுள்ள தடுப்பு போட்டு ஒரு வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கட்டும். தடுப்பை எடுக்கும் நாளில் ஆஸ்காருக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டு, கல், மரக்கட்டை, குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மாற்றி, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். ஒரே மீனாக விடாமல் கூட்டமாக வாழும் மீனை ஐந்தாறாகச் சேர்த்து விட்டால் ஆஸ்காரின் கவனம் ஒன்றின் மேலேயே நிற்காது.

முதல் இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள். துரத்தி, விட்டு, திரும்பித் தன் வேலையைப் பார்க்கிறது என்றால் சரி. ஒரே மீனைத் தொடர்ந்து தேடிப் போகிறது, அது மறைவில் இருந்தும் போய் இழுக்கிறது என்றால் ஆஸ்காரை வெளியே எடுத்து ஐந்தாறு நாள் வேறிடத்தில் வையுங்கள். இந்த இடைவெளியில் மற்ற மீன்கள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், திரும்பி வரும்போது புது ஆள் ஆஸ்கார்தான். பலன் தருகிற முறை இது. இரண்டு தடவை செய்தும் அதே கதை என்றால் அந்தச் சேர்க்கையை விட்டுவிடலாம்.

இடம் மாற்றிய பின் ஆஸ்கார் தரையில் சாய்ந்து, நிறம் வெளுத்து, சாப்பிடாமல் கிடக்கிறதா? ஓரிரு நாள் கோபித்துக்கொள்ளும். தண்ணீர் சோதனை சரியாக இருந்தால் காத்திருங்கள்.

சண்டை இல்லை, ஆனால் துணை மீன் மெலிகிறது

பசி. ஆஸ்கார் ஒரு நிமிடத்தில் எல்லா பெல்லட்டையும் (உருண்டைத் தீனி) எடுத்துவிடும். ஆஸ்காருக்கு ஒரு முனையில் போட்டு அது தின்னும்போது, மறுமுனையில் மற்றவற்றுக்குச் சின்ன பெல்லட் போடுங்கள். தொட்டித் தரையில் வாழும் பைச்சிர் என்ற மீனுக்கு விளக்கு அணைந்த பிறகு உரித்த இறால் துண்டு. பேரட் மீனின் வாய் முழுதாக மூடாது, பெரிய துண்டை அதனால் பிடிக்க முடியாது. அதற்கு ஊறிய சின்ன பெல்லட்டுதான் வேண்டும்.

சண்டை இல்லை, பட்டினியும் இல்லை, ஆனாலும் துணை மீன்கள் சாகின்றன, ஆஸ்கார் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது

'தண்ணீர் கெட்டிருந்தால் ஆஸ்காரும் செத்திருக்குமே' என்பார்கள். அங்கேதான் தவறு. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரைத் தாங்குவதில் ஆஸ்கார் பெயர்போனது. அமேசான் வெள்ளச் சமவெளிக் குட்டைகளில் ராத்திரியில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போகும், அங்கே வாழப் பழகிய மீன் இது. வளர்ந்த ஆஸ்கார் உடலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சில மணி நேரம் சமாளிக்கும். கிளவுன் லோச்சும் சில்வர் டாலரும் அப்படி இல்லை. ஆகவே ராத்திரி மின்வெட்டு ஏற்பட்ட மறுநாள் காலையில் துணை மீன்கள் மட்டும் மிதந்தால் ஆஸ்கார் மேல் பழிபோடாதீர்கள். உடம்பில் காயம் இல்லை, வாய் திறந்திருக்கிறது, செவுள் விரிந்திருக்கிறது என்றால் மூச்சுமுட்டல்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது ஆஸ்கார் தொட்டிக்குக் கட்டாயச் செலவு.

இன்னொன்று கழிவு. ஆஸ்கார் மென்று துப்பும், செவுள் வழியே தூளாக வெளியே விடும், புரதம் நிறைந்த உணவு வேறு. தொட்டித் தண்ணீரை மணிக்கு ஐந்து தடவையாவது சுற்றவிடும் ஃபில்டர் வேண்டும், அதாவது 340 லிட்டருக்கு மணிக்கு 1700 லிட்டர். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றம். சூடும் காரத்தன்மையும் கூடினால் அதே அம்மோனியா அதிக விஷமாகும். போர்வெல் தண்ணீரில் பிஹெச் 8க்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில், கோடையில், 0.5 பிபிஎம் அம்மோனியாவைக்கூட லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அங்காடித் தங்கமீனையோ சின்ன மீனையோ உயிர்த்தீனியாகப் போடும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அவற்றோடு ஒட்டுண்ணிகள் வரும். தங்கமீனில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி ஆஸ்காரின் உடலில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும்.

காலியான இடத்தில் எதை விடலாம்

6 அடித் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஆறு சில்வர் டாலர் என் முதல் தேர்வு. ஆஸ்கார் வாழும் அதே கண்டத்து மீன், நடுமட்டத்தில் கூட்டமாகச் சுற்றும், வேகமாக விலகும், எல்லைச் சண்டை போடாது. பயமில்லாமல் அவை சுற்றுவதைப் பார்த்தால் ஆஸ்காரும் ஒளியாமல் வெளியே வரும். 20 சென்டிமீட்டர் வரை வளரும் செவெரம் நல்ல துணை, இரண்டும் சிறிதாக இருக்கும்போதே சேர்ந்து வளர்ந்தால் இன்னும் நல்லது. தரைமட்டத்துக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டிய செனகல் பைச்சிர், கவச உடம்பு, யாரோடும் வம்புக்குப் போகாது. டின்ஃபாயில் பார்ப் 30 சென்டிமீட்டர் வளரும், ஐந்தாறாக வைக்க இடம் இருந்தால் மட்டும்.

கடையில் 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸ் குஞ்சை வாங்காதீர்கள். மேகாங் ஆற்றிலிருந்து வந்த உணவு மீன் அது, ஒரு மீட்டர் வளரும், பயந்து கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். 'பிரான்ஹா' என்று கைமாறுவது பெரும்பாலும் ரூப்சந்த் என்று மீன்பண்ணைகளில் வளர்க்கும் பாக்கு என்ற மீன். சிவப்புவால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும், கடைசியில் ஆஸ்காரையே விழுங்கும். மலாவி சிச்லிட்களுக்குக் கார நீர் வேண்டும், குணமும் வேறு.

எதைச் சேர்த்தாலும் அடங்காத ஆஸ்கார்களும் உண்டு. ஒரே இனத்துக்குள் குணம் அவ்வளவு மாறும். அப்படிப்பட்டதைத் தனியாக வையுங்கள், அதற்கு ஏக்கம் வராது. உங்களைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடிவரும், உங்களையே துணையாக எடுத்துக்கொள்ளும்.

பிரித்து எடுத்த மீனை என்ன செய்வது என்று தெரியாமல் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தொட்டிகளிலிருந்து போன சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, உள்ளூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். முடியாது என்று சொன்னால், அந்த மீனை வைக்க இரண்டாவது தொட்டி தயாராகும்வரை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.